பிள்ளை கேட்கும் அந்த 'கிராபிக்ஸ் கார்ட்': வாங்கப் போகும் பெற்றோருக்கு ஓர் ஆசிரியரின் அனுபவம்

கடந்த தவணை முடிவதற்குச் சில தினங்களுக்கு முன்னர், இடைவேளையில் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது சக ஆசிரியர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். "சேர், உங்கட மகன் கம்பியூட்டர் வேலை செய்யிறவர்தானே. என்ட மகன் நாலு இலட்சத்துக்கு ஒரு கார்ட் வாங்கித் தரச் சொல்லி ஒத்தக் கால்ல நிக்கிறான். அவன்ட உம்மாவும் அவன்ட பக்கம்தான். அது என்ன கார்ட் சேர்? அவ்வளவு காசு பெறுமா?" என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவருக்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியை என்னிடம் கேட்ட நான்காவது தகப்பன் அவர். எனவே அவருக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் கணினி நிபுணன் அல்ல. விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். அங்கிருந்த கணினிகளில் பாதி வேலை செய்யாது. அப்படிப்பட்ட நான் இந்தக் கார்ட் பற்றி எழுதுவதற்குக் காரணம், என் வீட்டுக் கூரை மாற்றுவதற்காகச் சேர்த்த சீட்டுக் காசு இரண்டரை வருடங்களுக்கு முன்னர் இதற்குள்தான் போனது.

கிராபிக்ஸ் கார்ட் என்றால் என்ன? கணினியின் பிரதான செயலி ஒரு கெட்டிக்கார ஆசிரியர் மாதிரி. எவ்வளவு சிக்கலான கணக்கையும் ஒவ்வொன்றாகச் செய்து முடிப்பார். கிராபிக்ஸ் கார்ட் அப்படியல்ல. அது மைதானம் நிறையப் பிள்ளைகளை இருத்தி, ஆளுக்கொரு சின்னக் கூட்டல் கணக்கைக் கொடுத்து, ஒரே நேரத்தில் விடை வாங்குவது போன்றது. சாதாரண கணினித் திரை ஒன்றில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. பெரிய 4கே திரையில் 80 இலட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதைச் செக்கனுக்கு 60 தடவை கணக்கிட வேண்டும். இதற்குத்தான் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் தேவைப்படுகின்றன. ஆர்டிஎக்ஸ் 3090 என்ற கார்ட்டில் 10,496 இருக்கின்றன. அதற்கு அடுத்து வந்த 4090 இல் 16,384. விளையாட்டுக்காகத் தொடங்கிய இந்தச் சாமான்தான் இன்று முப்பரிமாணப் படம் வரைய, வீடியோ தயாரிக்க, செயற்கை நுண்ணறிவை இயக்க எல்லாவற்றுக்கும் தேவைப்படுகிறது. ஆகவே "கேம் விளையாடத்தான் கேட்கிறான்" என்று உடனே ஏசி அனுப்பி விடாதீர்கள். "படிக்கத்தான் வாப்பா" என்று அவன் சொல்வதை அப்படியே நம்பியும் விடாதீர்கள்.

விலைக்கு வருவோம். 2020 செப்டெம்பரில் என்விடியா நிறுவனம் 3090 ஐ வெளியிட்டபோது அமெரிக்காவில் அதன் விலை 1,499 டொலர். 2022 ஒக்டோபரில் வந்த 4090 இன் விலை 1,599 டொலர். அங்கே இருப்பவனுக்கு இரண்டுக்கும் இடையில் நூறு டொலர்தான் வித்தியாசம். நமக்கு? 3090 வந்தபோது ஒரு டொலர் 185 ரூபா அளவில் இருந்தது. 4090 வந்தபோது அது 360 ரூபாவைத் தாண்டியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவது இரண்டே முக்கால் இலட்சம், இரண்டாவது ஐந்தே முக்கால் இலட்சம். அவனுக்கு நூறு டொலர் ஏறிய இடத்தில் நமக்கு மூன்று இலட்சம் ஏறியிருக்கிறது. இது வரியும் கப்பல் கூலியும் கடைக்காரரின் இலாபமும் சேர்வதற்கு முந்திய கணக்கு. 2025 ஜனவரி இறுதியில் வந்த 5090 க்கு 1,999 டொலர் என்று விலை போட்டார்கள். அதை ரூபாவில் பெருக்கிப் பார்த்து மனதை நோகடிக்க நான் விரும்பவில்லை.

இந்த விலை காரணமாகத்தான் நம்மில் அநேகமானவர்கள் பாவித்த கார்ட்டைத் தேடிப் போகிறோம். நாங்களும் அப்படித்தான் போனோம்.

2023 ஆரம்பம். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். வெளிநாட்டுத் தளபாடக் கடைகளுக்காகக் கதிரை, மேசை, கட்டில்களை முப்பரிமாணத்தில் வரைந்து கொடுக்கும் வேலை அவனுக்குச் சிறிது சிறிதாகக் கிடைத்துக் கொண்டிருந்தது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் வரைவான். அவனுடைய பழைய மடிக்கணினியில் ஒரு படம் உருவாக ஓர் இரவு முழுவதும் எடுக்கும். காலையில் எழுந்து பார்த்தால் சில நாட்களில் பாதியில் நின்று போயிருக்கும். நண்பனின் 6 ஜிபி கார்ட்டில் முயற்சி செய்தான். பெரிய வீடொன்றின் உள்ளலங்காரக் காட்சி அந்த நினைவகத்துக்குள் அடங்கவில்லை. இந்த வேலையில் நினைவகம் போதாவிட்டால் வேலை மெதுவாக நடக்கும் என்று நினைக்காதீர்கள். பல வேளைகளில் நடக்கவே நடக்காது. 3090 இல் 24 ஜிபி இருந்தது. "வாப்பா, ஆறு மாசத்துல எடுத்துத் தாறன்" என்றான்.

அந்தக் காலம் இந்தக் கார்ட்கள் பாவித்த சந்தையில் கொட்டிக் கிடந்த காலம். காரணம் உண்டு. எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கணினிகளை இரவு பகலாக ஓடவிட்டு 'தோண்டி' எடுக்கலாம் என்ற நிலை 2022 செப்டெம்பர் 15 வரை இருந்தது. அன்று அந்த நாணயத்தின் இயங்குமுறையே மாற்றப்பட்டது. கிராபிக்ஸ் கார்ட்டுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. அறை நிறையக் கார்ட் அடுக்கி வைத்திருந்தவர்கள் உலகம் முழுவதும் விற்கத் தொடங்கினார்கள். புதுக் கார்ட்டின் விலையும் சரிந்தது. 2022 மார்ச் மாதம் 1,999 டொலருக்கு வந்த 3090 டிஐ என்ற கார்ட், அதே வருடம் முடிவதற்குள் ஏறத்தாழ பாதி விலைக்கு அமெரிக்கக் கடைகளில் கிடைத்தது. முதல் மாதத்தில் வாங்கியவனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

முகநூல் விளம்பரம் ஒன்றைப் பார்த்துக் கொழும்புக்குப் போனோம். விலை இரண்டு இலட்சத்து எழுபதாயிரம். விற்றவர் மரியாதையான இளைஞர். "கேம் மட்டும்தான் விளையாடினது அங்கிள், அதுவும் வீக்கெண்ட்ல" என்றார். கணினியில் பூட்டி ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். கார்ட் புத்தம் புதிது போலப் பளபளத்தது. இரண்டு வருடம் பாவித்த சாமானில் ஒரு துளி தூசி கூட இல்லையே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு இரவு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். விடியும் வரை அந்தப் பெட்டியை மகன் மடியில் வைத்திருந்தான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனை இப்படித்தான் அவனுடைய உம்மா அதே பாதையில் வைத்திருந்தாள் என்று நினைத்துக் கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கார்ட் வாங்குவது என்பது கார்ட் வாங்குவதோடு முடிவதில்லை என்பது விளங்கியது.

கேசிங்குக்குள் அது நுழையவில்லை. இந்தக் கார்ட்களின் நீளம் 30 சென்றிமீற்றரைத் தாண்டும். பாடசாலை அடிமட்டத்தை விட நீளம். உள்ளே ஹார்ட் டிஸ்க் வைக்கும் தட்டைக் கழற்றி எறிந்துதான் பூட்டினோம். பூட்டி, பிளெண்டரை ஓட்டினால் மூன்றாவது நிமிடம் கணினி 'டக்' என்று நின்றது. மீண்டும் போட்டோம், மீண்டும் நின்றது. மகனின் முகம் வெளுத்துவிட்டது. கார்ட் பழுது என்றே நினைத்தோம். பழுது கார்ட்டில் இல்லை. எங்களிடம் இருந்த பவர் சப்ளை 550 வாட்ஸ். (பாடப் புத்தகத்தில் 'உவாற்று' என்று எழுதுவோம். கடையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் விளங்காது.) 3090 இன் மின்தேவை 350 வாட்ஸ்தானே, 550 தாராளம் என்று நானே கணக்குப் போட்டிருந்தேன். அந்த 350 என்பது சராசரி. செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு அது 500 வரையும் எகிறிக் குதிக்கக் கூடியது. பவர் சப்ளை அதைக் கண்டு பயந்து தன்னைத் தானே நிறுத்திக் கொள்கிறது. இப்படித் திடீரென்று நின்று போகும் முறைப்பாடு உலகம் முழுவதும் இந்தக் கார்ட் வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தது. 3090 க்கு 750 வாட்ஸ், 4090 க்கு 850, 5090 க்கு 1,000 என்று என்விடியாவே பரிந்துரைத்திருக்கிறது. அதை நான் வாங்கப் போக முன்னர் வாசித்திருக்க வேண்டும். நல்ல தரமான 850 வாட்ஸ் பவர் சப்ளை ஒன்றுக்காக மீண்டும் கடன்பட்டேன்.

அடுத்தது வெப்பம். கணினி நிற்காமல் ஓடியது, ஆனால் பத்து நிமிடத்தில் கார்ட்டின் மின்விசிறிகள் மூன்றும் ஹெலிகொப்டர் மாதிரிச் சத்தம் போடும். வெப்பநிலையைப் பார்த்தால் 66 பாகை என்று காட்டியது. அது ஒன்றும் அதிகமில்லை. பிறகுதான் மகன் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். பிரதான சிப்பின் வெப்பம்தான் 66. நினைவகத்தின் வெப்பம் 110 பாகை செல்சியஸ்! அந்த எல்லையைத் தொட்டதும் கார்ட் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். எங்களுக்கு நடந்து கொண்டிருந்தது அதுதான்.

இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாவித்த கார்ட் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். 3090 இல் 24 நினைவகச் சிப்புகள் இருக்கின்றன. அவற்றில் 12 கார்ட்டின் முதுகுப் பக்கம் இருக்கின்றன. முன் பக்கத்துக்குத்தான் விசிறி. முதுகுப் பக்கத்தில் ஓர் உலோகத் தகடு மட்டும்தான். சிப்பின் வெப்பத்தைத் தகட்டுக்குக் கடத்த இடையில் பஞ்சு போன்ற மெல்லிய பட்டைகள் ஒட்டியிருக்கும். எத்தீரியம் தோண்டும் வேலை சிப்பை விட நினைவகத்தைத்தான் அதிகமாக வருத்துவது. வருடக் கணக்கில் அப்படி ஓடினால் அந்தப் பட்டைகள் காய்ந்து, எண்ணெய் கக்கி, வெப்பத்தைக் கடத்தும் வலுவை இழந்துவிடும். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டும்போது இது தெரியாது. சூடேறுவதற்கு நேரம் எடுக்கும்.

கைத்தொலைபேசி திருத்தும் தம்பி ஒருவரிடம் கொண்டு போனோம். திருகாணிகளின் தலையைப் பார்த்த உடனேயே "சேர், இது ஏற்கனவே கழட்டினது" என்றார். வொரண்டி ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும்தான் இருந்தது. திறந்தபோது பட்டைகள் பிட்டு மாதிரி உதிர்ந்தன. எண்ணெய் கசிந்து பலகை முழுவதும் ஒட்டியிருந்தது. வெளிப்புறத்தை மட்டும் கழுவித் துடைத்து எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அந்த இளைஞருக்குக் கோல் எடுத்தேன். இரண்டாவது தடவையிலிருந்து அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

இங்கே ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோண்டும் வேலைக்குப் பாவித்த கார்ட் எல்லாமே கூடாது என்பதல்ல. நன்கு பராமரித்து, மின்சாரத்தைக் குறைத்து ஓட்டியவர்களின் கார்ட்கள் இன்றைக்கும் நன்றாக வேலை செய்கின்றன. அந்த இளைஞர் உண்மையைச் சொல்லி முப்பதாயிரம் குறைத்துக் கேட்டிருந்தால் நான் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். பட்டை மாற்றும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்திருப்பேன்.

புதுப் பட்டைகள் கொழும்பிலிருந்து வந்தன. அதிலும் ஒரு பாடம் படித்தோம். பட்டையின் தடிப்பு மில்லிமீற்றரில் பாதி பிழைத்தாலும் சரிவராது. தடிப்புக் கூடினால் நடுவிலுள்ள பிரதான சிப்போடு தகடு படாமல் தூக்கி நிற்கும். குறைந்தால் நினைவகத்தில் படாது. முதல் தடவை பிழைத்தது, இரண்டாம் தடவை சரி வந்தது. 110 ஆக இருந்த வெப்பம் 88 க்கு இறங்கியது. மகன் அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

பிறகு மின்சாரப் பட்டியல் வந்தது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியிருந்த காலம் அது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கணினி முழுவதுமாக 500 வாட்ஸ் இழுத்தால் நாளுக்கு நான்கு மணித்தியாலத்தில் இரண்டு அலகு. மாதத்துக்கு அறுபது. அறுபதுதானே என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் அலகுகள் படிப்படியாகக் கணக்கிடப்படுகின்றன. எங்கள் வீட்டில் வழமையாக 85 அலகு போகும். அதற்கு மேல் ஏறும் அறுபதும் அடுத்தடுத்த படிகளில்தான் விழும். நிலையான கட்டணமும் அந்தப் படிக்கு ஏற்ப எகிறும். பாவனை எழுபது வீதம் கூடியதற்குப் பட்டியல் கிட்டத்தட்ட இரு மடங்கானது. மனைவி அதைக் கையில் எடுத்துக் கொண்டு எதுவும் பேசாமல் கூரையைப் பார்த்தாள்.

போதாக் குறைக்கு, கார்ட் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. தரம் 10 பிள்ளைகளுக்குச் சக்திக் காப்பு படிப்பிக்கும்போது சொல்வது இதைத்தான். நுவரெலியாவில் இருப்பவருக்கு அது குளிர்காயும் அடுப்பு. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஏப்ரல் மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் எங்களுக்கு? மகன் இரவு பத்து மணிக்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கினான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். கார்ட்டுக்குப் போகும் மின்சாரத்துக்கு மேல் எல்லை போடலாம். ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் ஒரு கோட்டை இழுத்துவிட்டால் போதும். 350 வாட்ஸை நாங்கள் 270 க்கு இறக்கினோம். 20 நிமிடம் எடுத்த படம் 21 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம், ஒரு நிமிடம்தான் நட்டம். கடைசிச் சொட்டு வேகத்துக்காகத்தான் இந்தக் கார்ட்கள் இவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கின்றன. விலையுயர்ந்த கார்ட் வைத்திருப்பவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. சத்தமும் குறையும், வெப்பமும் குறையும், பட்டியலும் குறையும்.

யூபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 இல் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த நாம் எல்லோரும் அதை மறக்க மாட்டோம். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 650 விஏ யூபிஎஸ் நானூறு வாட்ஸைக் கூடத் தாங்காது. கார்ட் முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் போனால் அது ஒரு 'பீப்' சத்தத்தோடு தானும் சேர்ந்து அணைந்துவிடும். உப்புக் காற்றும் எறும்பும் வேறு. ஒரு முறை பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி குடியிருந்தது. எப்படியோ இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதெல்லாம் பழைய கார்ட் வாங்கியதால் வந்த வினை, புதிது வாங்கினால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறீர்களா? 4090 வாங்கியவர்களின் கதையைக் கேளுங்கள். 2022 ஒக்டோபர் 12 இல் அது விற்பனைக்கு வந்து இரண்டு வாரம் ஆகவில்லை, மின்சாரம் செல்லும் இணைப்பி உருகிப் போன படங்கள் வரத் தொடங்கின. அடுத்த மாதம், உலகளாவிய ரீதியில் ஏறத்தாழ 50 சம்பவங்கள் தமக்குத் தெரியும் என்றும், இணைப்பி முழுமையாகச் செருகப்படாமையே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றும் என்விடியா சொன்னது. வாங்கியவர்கள் அதை முழுமையாக ஏற்கவில்லை. பின்னர் அந்த இணைப்பியின் வடிவம் திருத்தப்பட்டது. ஒரு நிறுவனம் தனியாக விற்ற வளைந்த அடப்டர்கள் 2024 இல் அமெரிக்காவில் திருப்பிப் பெறப்பட்டன. 5090 வந்த பிறகும் உருகும் சம்பவங்கள் முற்றாக நிற்கவில்லை.

ஏன் உருகுகிறது? இது சாதாரண தரப் பௌதிகவியல்தான். அந்தச் சிறிய இணைப்பி 600 வாட்ஸ் வரை கடத்த வேண்டும். மின்னழுத்தம் 12 வோல்ட். வகுத்தால் 50 அம்பியர். நம் வீட்டுச் சுவரில் பெரிய சதுரக் குத்திகள் இருக்கின்றனவே, அவை 13 அம்பியருக்கு உரியவை. ஐம்பது அம்பியரை ஆறு மெல்லிய முனைகள் பங்கிட்டுக் கொள்கின்றன, தலைக்கு எட்டுக்கும் சற்று மேல். ஒவ்வொரு முனையும் தாங்குவது ஏறத்தாழ 9.5 தான். இரண்டு முனைகள் சரியாகத் தொடாவிட்டால் அவற்றின் சுமையையும் மற்றவை சுமக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் இரு மடங்காகாது, நான்கு மடங்காகும். 2025 பெப்ரவரியில் டெர்பௌவர் என்ற ஜேர்மனியர் 5090 ஒன்றில் அளந்தபோது ஒரே கம்பியில் 20 அம்பியருக்கு மேல் ஓடியது. பிளாஸ்டிக் பாவம், அது என்ன செய்யும்?

மற்றவர்களிலும் குறை இல்லாமல் இல்லை. 2021 ஜூலையில் ஒரு புதிய விளையாட்டின் பரீட்சார்த்தப் பதிப்பை ஓட்டியபோது சிலருடைய 3090 கார்ட்கள் செத்துப் போயின. ஈவிஜிஏ என்ற தயாரிப்பாளர், சிறு தொகுதியொன்றில் ஈய ஒட்டுக் குறைபாடு இருந்ததாக ஏற்றுக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. 2022 டிசம்பரில் ஏஎம்டி நிறுவனத்தின் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்ட்கள் சிலவற்றில் குளிரூட்டும் பகுதியில் போதிய நீர் இல்லாததால் வெப்பம் 110 பாகைக்கு ஏறியது. அந்த நிறுவனமும் மாற்றிக் கொடுத்தது. இந்த 'மாற்றிக் கொடுத்தது' என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கே இருப்பவனுக்குப் பழுதான கார்ட் என்பது இரண்டு வாரத் தாமதம். வொரண்டி இல்லாத நமக்கு அது முழு நட்டம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மைத்துனர் கட்டாரிலிருந்து வரும்போது 4090 ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். விலை இங்கேயுள்ளதை விடக் குறைவுதான். எட்டாம் மாதம் அதன் விசிறியொன்று நின்றது. வாங்கிய நாட்டில்தான் வொரண்டி செல்லும் என்றார்கள். மைத்துனர் அடுத்த விடுமுறைக்கு வந்து போகும் வரை அந்தக் கார்ட் அலுமாரிக்குள் இருந்தது.

சக ஆசிரியருக்கு என் பதில் இதுதான். மகன் என்ன வேலைக்குக் கேட்கிறான் என்பதை அவனிடமே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். விளையாட்டும் சிறிது வீடியோ எடிட்டிங்கும் என்றால் 3060 போன்ற 12 ஜிபி கார்ட் தாராளமாகப் போதும். அது 170 வாட்ஸ்தான் இழுக்கும், இருக்கும் பவர் சப்ளையே பெரும்பாலும் தாங்கும். செயற்கை நுண்ணறிவு படிக்கப் போகிறான் என்றால் கூகுள் கோலாப் என்ற சேவையில் இலவசமாகவே கார்ட் ஒன்றை இணையத்தின் வழியே பாவிக்கத் தருகிறார்கள். நேர எல்லை உண்டு, ஆனால் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அது போதும். முதலில் ஆறு மாதம் அதில் படிக்கட்டும். உண்மையாகவே உழைப்புக்குத் தேவை, நினைவகம் போதவில்லை என்று கணக்கோடு காட்டினால் வாங்கிக் கொடுங்கள். அப்போது கார்ட்டின் விலையோடு பவர் சப்ளை, கேசிங், மாதாந்த அலகுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பாவித்தது என்றால் அரை மணித்தியாலம் முழு வேகத்தில் ஓட்டி, நினைவகத்தின் வெப்பத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். அதற்கு மறுக்கும் ஆளிடம் வாங்காதீர்கள். விற்பவரின் வீட்டில் தேநீர் குடித்துக் கொண்டே பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் கார்ட்டின் மிச்சக் கதையையும் சொல்லி விடுகிறேன். ஆறு மாதத்தில் எடுத்துத் தருவதாகச் சொன்ன காசை மகன் பதினான்கு மாதத்தில் எடுத்துத் தந்தான். பவர் சப்ளைக் கடனும் அடைந்தது. இந்த வருடம் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது, அங்கே அவர்களே கணினி கொடுக்கிறார்கள். கார்ட்டை விற்கத் தீர்மானித்தோம். ஆச்சரியம் என்னவென்றால் ஐந்து வருடப் பழைய 3090 க்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. செயற்கை நுண்ணறிவை வீட்டுக் கணினியிலேயே ஓட்ட விரும்புபவர்கள் அந்த 24 ஜிபி நினைவகத்துக்காகத் தேடுகிறார்கள்.

நான் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். நாணயம் தோண்டப் பாவித்தது, இரண்டு தடவை கழற்றிப் பட்டை மாற்றியது, ஸ்டிக்கர் இல்லை, 270 வாட்ஸில் ஓடியது. மகன் வாசித்துவிட்டு, "வாப்பா, இதெல்லாம் எழுதினா எவன் வாங்குவான்? யாரும் இப்படிச் சொல்றதில்ல" என்றான். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும் என்றேன். இரண்டு பேர் வந்து தாளை வாசித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாகப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நண்பனோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மனைவி தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நினைவகம் 90 பாகையில் நின்றது. தாளில் இருந்த ஒவ்வொன்றையும் திருகாணி வரை சரி பார்த்தார். முப்பதாயிரம் குறைக்க முடியுமா என்று கேட்டார். குறைத்தேன். அந்தத் தாளையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டார்.

அவர்கள் வாசலைத் தாண்டியபோது, "தம்பி, கரண்ட் வயர் ரெண்டையும் தனித்தனியாக் குத்துங்க, ஒரே வயர்ல இருக்கிற ரெட்டைத் தலையைப் பாவிச்சிராதீங்க" என்று கத்தினேன். கேட்டதோ தெரியாது, பின்னால் இருந்தவர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் மனைவியும் நானும் கூரைத் தகடு பார்க்கப் போனோம். 2023 இல் அந்தச் சீட்டுக் காசுக்கு முழுக் கூரையும் போட்டிருக்கலாம். இப்போது கார்ட் விற்ற காசுக்கு முன் மண்டபமும் குசினியும்தான் வருமாம்.